அளவீடும் அடுத்த நாள் பாடமும்

2005–06 கல்வியாண்டில், அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தின் 100 ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்களுக்கு மொழியிலும் கணக்கிலும் தேர்வு வைத்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எது தெரிகிறது, எங்கே தடுக்குகிறது என்று விரிவான அறிக்கை எழுதி ஆசிரியர் கையில் கொடுத்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பும் உடன் போனது. ஆண்டு முடிவில் மறுபடி தேர்வு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது; நடுவில் வகுப்பறையைப் பார்க்க ஆட்கள் வந்து போனார்கள். பார்வையாளர்கள் வந்த நாட்களில் இந்தப் பள்ளி ஆசிரியர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகப் பாடம் நடத்தியதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஆண்டிறுதித் தேர்வில், அறிக்கை பெற்ற பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் பெறாத பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் இடையே வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கல்வியில் தரவு என்றாலே நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்காரும் எவரும் இந்த முடிவைக் கடந்துதான் மேலே பேச வேண்டும்.

இது தனித்த விபத்தாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். ஹரியானாவில் 2012–13இல் ஜேம்ஸ் பெரியும் சக ஆய்வாளர்களும் சுமார் 500 அரசுப் பள்ளிகளில் ‘தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு’ முறையைச் சோதித்தபோதும் இதே கதைதான். ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தேர்வு என்பதை மாற்றி, அடிக்கடி சிறு சிறு மதிப்பீடுகள் செய்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பதிவேடு வைப்பது அந்த முறையின் உயிர். கல்வி உரிமைச் சட்டமே அதை வலியுறுத்தியது. பிள்ளைகளின் வாசிப்பிலோ கணக்கிலோ அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் முன்னேற்றத் திட்டம் எழுதவைத்த ஒரு பெரும் முயற்சியை முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆராய்ந்தார்கள். மதிப்பீடுகள் ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் நடந்தன, திட்டங்களும் எழுதப்பட்டன. கற்பித்தல் மாறவில்லை, கற்றலும் மாறவில்லை. அந்த மாதிரியே பின்னர் நாடெங்கும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிக்கப்பட்டது என்பது வருத்தத்துக்குரிய பின்குறிப்பு.

மூன்று மாநிலங்கள், மூன்று வகைத் தரவு, ஒரே விடை. இதிலிருந்து ‘அளப்பதே வீண்’ என்று முடிவுகட்டுவது எளிது, அது தவறும்கூட. ஹரியானாவின் அதே ஆய்வில் இன்னொரு பகுதி இருந்தது. அங்கே சில பள்ளிகளில் பிள்ளைகளின் வாசிப்பு நிலையை எளிய கருவியால் கண்டறிந்து, வகுப்பு வேறுபாட்டை ஒதுக்கிவைத்து, நிலைவாரியாகக் குழு பிரித்து, அன்றாடம் அதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். பிரதம் அமைப்பு வளர்த்தெடுத்த முறை இது. அங்கே இந்தி வாசிப்பு தெளிவாக உயர்ந்தது. கணக்கில் உயரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே மாநிலம், அதே அரசு ஆசிரியர்கள். ஓரிடத்தில் மதிப்பீடு பதிவேட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மற்றோரிடத்தில், நாளைக் காலையில் எந்தப் பிள்ளை எங்கே உட்காரும், எதைப் படிக்கும் என்பதை அது மாற்றியது. என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது: அளந்தவரே அந்த அளவை வைத்துத் தன் அடுத்த நாள் பாடத்தை மாற்றும் உரிமையும் நேரமும் உடையவராக இருந்தால் மட்டுமே தரவு கற்றலாக மாறும். தொடக்கப் பள்ளி ஆசிரியரின் செயலாராய்ச்சி என்று நாம் சொல்லிவருவது இந்த நிபந்தனை நிறைவேறும் இடத்தைத்தான்.

செயலாராய்ச்சி என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. உளவியலாளர் கர்ட் லூவின் 1946இல், சிறுபான்மையினர் சந்திக்கும் பிரச்சினைகளைப் பற்றிய கட்டுரையில் அதற்கு உருவம் கொடுத்தார்: திட்டமிடு, செய், விளைவைப் பார், திருத்திக்கொண்டு மறுபடி செய். கொலம்பியா ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரி 1953இல் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், பாடத்திட்டம் எதுவாயினும் அது வகுப்பறையில் சோதிக்கப்பட வேண்டிய ஓர் உத்தேசம்தான், சோதிப்பவர் ஆசிரியராகவே இருக்க வேண்டும் என்று 1975இல் எழுதினார். நம் நாட்டில் 1986 தேசியக் கல்விக் கொள்கையின் வழியே பிறந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் கடமைகளில் செயலாராய்ச்சியும் ஒன்று. ஆக, சொல் நமக்குப் பழக்கமானது. பழக்கமானதால்தான் அது தேய்ந்தும் போயிருக்கிறது. முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி, இரண்டு பட்டை வரைபடம், ‘புதிய முறை பயனளித்தது’ என்ற ஒற்றை வரி முடிவு. இந்த வார்ப்பில் எழுதி, நூலாகக் கட்டி, ஒப்படைத்து, அலமாரியில் வைத்தால் ஒரு கடமை முடிந்தது. ஆந்திரத்து அறிக்கைகளுக்கு நேர்ந்த கதி இதற்கும் நேர்கிறது. கேள்வியைக் கேட்டவர் விடையோடு வாழப்போவதில்லை.

உண்மையான செயலாராய்ச்சியில் தரவு எப்படி இருக்கும் என்பதை ஒரு கணக்கைக் கொண்டு பார்க்கலாம். மூன்றாம் வகுப்பில் 52லிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் விடை 15. ஒரு பிள்ளை 16 என்று எழுதுகிறது, இன்னொரு பிள்ளை 25 என்று எழுதுகிறது. மதிப்பெண் பதிவேட்டில் இரண்டும் பூஜ்யம். ஆனால் 16 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும். எண்ணும்போது ஒன்று தவறிவிட்டது. 25 எழுதிய பிள்ளையோ ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. அது கவனக்குறைவு இல்லை, ஒழுங்கான ஒரு விதி. தவறான விதியே தவிர, பிள்ளை அதை உண்மையாகக் கடைப்பிடிக்கிறது. ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் இத்தகைய தவறுகளை வரிசைப்படுத்தி, பிள்ளைகளின் பிழைகளில் பெரும்பகுதி தற்செயலானவை அல்ல என்று காட்டினார்கள். முதல் பிள்ளைக்கு வேண்டியது இன்னும் நான்கு கணக்கு. இரண்டாம் பிள்ளைக்கு அதே நான்கு கணக்கைக் கொடுத்தால் தவறான விதிதான் இன்னும் இறுகும். அதற்கு வேண்டியது பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்து, பிரித்த பிறகும் மொத்தம் மாறவில்லை என்று தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு. 40 விழுக்காடு, ‘சி’ தரம் என்ற சுருக்கங்களில் இந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது. எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு சுருங்குவது தரவின் இயல்பு. பாடத்தை மாற்றப் பயன்படுவதோ சுருங்காத அந்தத் தவறு மட்டும்தான்.

வாசிப்பிலும் இப்படித்தான். தமிழ் எழுத்து கற்கும் பிள்ளை தடுமாறும் இடங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ‘கெ’வில் எகர ஒலி க-வுக்குப் பின்னால் வர, அதைக் குறிக்கும் கொம்பு மட்டும் க-வுக்கு முன்னால் நிற்பது சிலரைக் குழப்பும்; ‘கொ’வில் முன்னே கொம்பும் பின்னே துணைக்காலும் சேர்ந்துகொள்ள, துணைக்காலை ‘ர’ என்று படிப்பார்கள் சிலர். உகர வரிசையில் கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் எடுப்பதால் ஒன்றைக் கற்றது மற்றதற்கு உதவாது. இன்னும் சிலருக்கு எழுத்தெல்லாம் தெரியும், கூட்டிச் சொல்லாக்க வராது. வேறு சிலருக்குச் சொல்லாக்க வந்தும், வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். ‘வாசிக்கத் தெரியாதவர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் இத்தனை பேரும் அடங்குகிறார்கள். ஊரகப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் ஆய்வு 2005 முதல் கையாளும் கருவி, எழுத்து, சொல், பத்தி, கதை என்று நிலைகளைப் பிரித்ததே ஒரு பெரிய முன்னேற்றம். சில நிமிடங்களில், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் செய்துவிடலாம். தமிழ்நாட்டின் ஊரகங்களில் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிப்போர் 2022இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அது சொன்னபோது சினம் எழுந்தது. மாநில அளவுக்கு அந்த எண் ஓர் எச்சரிக்கை. வகுப்பறைக்குள் ஆசிரியருக்கு அதற்கு அடுத்த கேள்வி வேண்டும்: சொல் நிலையில் நிற்கும் இந்த எட்டுப் பேர் எந்தச் சொல்லில் நிற்கிறார்கள், ஏன்?

இங்கே வலுவான ஓர் எதிர்வாதம் குறுக்கிடுகிறது. நிலைக்கேற்பக் கற்பிக்கும் முறைக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளை நான் செயலாராய்ச்சியின் கணக்கில் வரவு வைக்கிறேன். அது ஆயத்தமாக வெளியிலிருந்து வந்த முறை, ஆசிரியர் தானே கண்டுபிடித்தது இல்லை என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை அந்த முறையின் தோல்விகளில் இருக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ருக்மிணி பானர்ஜி உள்ளிட்டோர் பீகாரில் செய்த சோதனையில், 2008 கோடை விடுமுறையில் அரசு ஆசிரியர்கள் நடத்திய முகாம்களில் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. பள்ளி நாட்களில் அரசு ஆசிரியர்களுக்கு அதே வகைப் பயிற்சியும் பொருட்களும் மட்டும் கொடுத்தபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. திறமை இல்லை என்று சொல்ல வழியில்லை. கோடையில் இருந்த திறமை ஜூலையில் எங்கே போகும்? பள்ளி நாட்களில் பாடநூலை முடிக்க வேண்டும், வகுப்புவாரியாக நடத்த வேண்டும், ஆய்வுக்கு வருகிறவர் எந்தப் பாடம் வரை வந்திருக்கிறது என்று கேட்பார். கோடையில் கிடைத்தது பாடத்தைப் பிள்ளைக்கேற்ப மாற்றும் அனுமதி. பின்னர் உத்தரப் பிரதேசத்தில் பிரதம் ஊழியர்களும் தன்னார்வலர்களும் பள்ளிக்குள்ளேயே குறுகிய கால முகாம்கள் நடத்தியபோது முன்னேற்றம் 0.6 முதல் 0.7 திட்டவிலக்கம் வரை சென்றது. இந்தத் துறையில் அரிதாகவே காணப்படும் அளவு அது. அந்த முறையே ஒரு நாளில் முழுதாகப் பிறந்ததன்று. மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் சோதிக்கப்பட்ட பாலசகி திட்டத்தில் தொடங்கி, செய்து, அளந்து, தோற்ற இடத்தைத் திருத்தி, பல மாநிலங்களில் பத்தாண்டுக்கு மேல் வளர்ந்தது. பெரிய அளவில் நடந்த செயலாராய்ச்சி என்று அதைச் சொல்வதில் மிகை இல்லை. ஆசிரியர் ஒவ்வொருவரும் புதிதாக ஒரு முறையைப் படைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கையில் இருக்கும் முறை தன் வகுப்பில் யாருக்கு உதவுகிறது, யாருக்கு உதவவில்லை என்று கண்டு, உதவாத இடத்தில் மாற்றிப் பார்க்கும் உரிமை அவருக்கு வேண்டும் என்பதே கோரிக்கை.

அடுத்த மறுப்பு ஆய்வு முறை பற்றியது. ஒரு வகுப்பு, முப்பது பிள்ளைகள், ஒப்பிட வேறு வகுப்பு இல்லை, தேர்வு வைப்பவரும் திருத்துபவரும் பாடம் நடத்தியவரே. இதை ஆராய்ச்சி என்று எப்படிச் சொல்வது? 1957லேயே ஹரால்ட் ஹாட்கின்சன் இந்த விமரிசனத்தைக் கடுமையாக வைத்தார். பாதி சரி. ஒரு நாள் தேர்வில் கடைசியில் நின்ற பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி தேர்வு வைத்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அவர்களின் சராசரி சற்று ஏறும். அன்று காய்ச்சலோடு வந்தவரும் தூக்கக் கலக்கத்தில் இருந்தவரும் இன்று நன்றாக எழுதுவார்கள். நம் செயலாராய்ச்சி அறிக்கைகளில் வெற்றியாக எழுதப்படும் ஏற்றத்தில் எவ்வளவு இந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகப் புள்ளியியல் தேவையில்லை. குழு பிரிக்கும் முன் இரண்டு வெவ்வேறு நாட்களில் சோதித்துப் பார்க்கலாம். கழித்தலில் கவனம் செலுத்தும் அதே வாரங்களில், தொடாமல் விட்ட கடிகாரம் பார்த்தலையும் சேர்த்து அளக்கலாம்; கழித்தல் ஏறி, கடிகாரம் ஏறாமல் இருந்தால் ஏற்றம் பாடத்தால் வந்தது என்று நம்ப இடமிருக்கிறது. இறுதிச் சோதனையைப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வைக்கலாம். காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்தில் இன்னொரு முறை பார்க்கலாம். நின்றது எது, கரைந்தது எது என்று அப்போது தெரியும். மற்ற பாதியைப் பொறுத்தவரை, விமரிசகர் வேறொரு கேள்விக்கு விடை தேடுகிறார். இந்த முறை எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்துமா என்பதை ஒரு வகுப்பிலிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அதற்குத்தான் பெரிய சோதனைகள் இருக்கின்றன. ஆனால் இந்த ஒன்பது பிள்ளைகளுக்கு நாளை என்ன செய்வது என்ற கேள்விக்கு எந்தப் பெரிய சோதனையும் விடை தராது.

நேரம் இல்லை என்பது மூன்றாவது மறுப்பு, இதை ஆசிரியர்களே சொல்கிறார்கள். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகள் நம்மிடம் ஏராளம். வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருட்கள், மதிப்பீடுகள் எல்லாம் எமிஸ் என்ற அரசின் கல்வித் தகவல் தளத்தில் ஏற வேண்டும். இந்தப் பதிவேற்றச் சுமையிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் மீண்டும் மீண்டும் குரல் கொடுத்திருக்கின்றன. இந்தக் குறையைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது அநியாயம். தரவு மேலே போகும் பாதையில் ஆசிரியரின் உழைப்பு செலவாகிறது, கீழே திரும்பி வரும் பாதையோ பெரும்பாலும் இல்லை. செயலாராய்ச்சியை இந்தச் சுமையின் மேல் இன்னொரு படிவமாக ஏற்றினால் அதுவும் பொய்யாகும். வகுப்பறைக்கு வேண்டிய தரவு மிகச் சிறியது: ஒரு நோட்டில் பிள்ளைகளின் பெயர், எதிரே அவர்கள் எழுதிய விடை அப்படியே, அடுத்த வாரம் அதே வகைக் கணக்குக்கு எழுதிய விடை. அதை யாரும் பதிவேற்றக் கேட்காமல் இருந்தால் போதும்.

பதிவேற்றாவிட்டால் பொறுப்புடைமை என்ன ஆவது என்று நிர்வாகம் கேட்கும். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் கற்றல் நடக்கிறதா என்று அறிய அரசுக்குக் கட்டாயம் உரிமை உண்டு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே எண் இரண்டு வேலை செய்யாது. ஓர் அளவு, முடிவுகளைத் தீர்மானிக்கும் கோலாக ஆகும்போது அதைத் திரிக்கும் அழுத்தமும் கூடுகிறது என்று 1970களில் டொனால்ட் கேம்ப்பெல் எச்சரித்தார். அபிஜீத் சிங் மத்தியப் பிரதேசத்தில் அரசுத் தேர்வின் கேள்விகளை அதே மாணவர்களுக்கு மறுபடி கொடுத்துப் பார்த்தபோது, அரசுப் பதிவில் இருந்த நிலை மிகைப்படுத்தப்பட்டது என்று தெரிந்தது. ஆந்திரத்தில் கைக்கணினி வழியாகத் தேர்வு நடத்தியபோது அந்தத் திரிபு பெரிதும் குறைந்தது. அரசுக்கு எல்லாப் பிள்ளைகளின் எண்ணும் தேவையில்லை. வெளியாட்கள் நடத்தும், மாதிரிக்கூறாகத் தேர்ந்த பள்ளிகளில் மட்டும் எடுக்கும், ஆசிரியரின் பெயரோடு ஒட்டாத நேர்மையான கணக்கெடுப்பு போதும். அது தனியாக நடக்கட்டும். வகுப்பு நோட்டில் ‘இந்தப் பதினொரு பேருக்கு நான் நடத்தியது புரியவில்லை’ என்று ஆசிரியர் அச்சமின்றி எழுத முடிந்தால்தான் அந்த நோட்டுக்குப் பயன் உண்டு.

தமிழ்நாட்டுக்கு இந்த வாதம் புதிதன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08 வாக்கில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலியின் ஊரகக் கல்வி மையத்திலிருந்து கற்றல் ஏணியைக் கடன் வாங்கியது. ஏணியில் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளைக்கே தெரிந்தது, அட்டையை எடுத்துத் தானே அடுத்த படிக்கு நகர்ந்தது, கம்பிப் பந்தலில் அதன் வேலை தொங்கியது. அளவு பிள்ளையின் கையிலேயே இருந்த முறை அது. ஆனால் மாநிலமெங்கும் ஒரே அச்சில் அட்டைகள் போனபோது, எந்த அட்டை எந்த ஊரில் உதவவில்லை என்று சொல்லித் திருத்தும் இடம் சுருங்கியது என்பது என் கணிப்பு. பெருந்தொற்றுக்குப் பின் சிங், மொரிசியோ ரொமேரோ, முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டு ஊரகங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, 2021 டிசம்பரில் கணக்கில் 0.7, மொழியில் 0.34 திட்டவிலக்கம் இழப்பு இருந்ததையும், பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும் கண்டார்கள். மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத் தன்னார்வலர்களுக்கு உரியது. கற்கும் நேரமும் கவனமும் கிடைத்தால் பிள்ளைகள் எவ்வளவு விரைவாக எழுந்து நிற்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நிலைக்கேற்பக் கற்பிக்கச் சொன்னது, எலும்புக்கூடு சரியானது. ஏசர் கணக்கில் மூன்றாம் வகுப்பு வாசிப்பு 2024இல் 10 விழுக்காட்டைத் தாண்டியிருப்பது நற்செய்தி, இருந்தும் மிகச் சிறிய எண். இனி கேட்க வேண்டியது, ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை எந்த வாரத்தில், எந்தச் சான்றைப் பார்த்து மொட்டுக்கு மாறுகிறது என்பது. வளரறி மதிப்பீட்டின் எண் செயலியில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று ஆனால், மூன்று மலர்ப் பெயர்களும் மூன்று நிலையான வரிசைகளாக இறுகிவிடும்.

இதைத் தடுக்கப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. அந்த நாளின் பாதியைச் சுற்றறிக்கை விளக்கத்திலிருந்து மீட்டு, ஆசிரியர்கள் தத்தம் வகுப்பின் பிழை நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பேச ஒதுக்கலாம்: 25 என்று எழுதியவர்கள் எத்தனை பேர், என்ன செய்து பார்த்தீர்கள், விடுமுறைக்குப் பின் எத்தனை பேர் நின்றார்கள். ஆசிரியர் பயிற்றுநர் அங்கே கண்காணிப்பவராக இல்லாமல், சோதனையை நேர்மையாக வைக்க உதவுபவராக உட்காரலாம். மாவட்ட நிறுவனங்கள் நூலாகக் கட்டிய அறிக்கைகளுக்குப் பதிலாக, பலனளிக்காத முயற்சிகளையும் சேர்த்து, இந்தப் பிழைகளின் தொகுப்பைத் தமிழில் வெளியிடலாம். கொம்பில் தடுமாறும் பிள்ளைகளோடு எதைச் செய்து பார்த்தார்கள், எது நின்றது என்ற அறிவு இன்று ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் சிதறிக் கிடக்கிறது, ஒருவர் ஓய்வு பெறும்போது அவரோடு போய்விடுகிறது.